மீட்டருக்குச் சொல்லாத நிறம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒளிக்கருவிகள் எல்லாம் கீழ்த்தளத்தில்தான் இருந்தன. மேல்மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட நுண்ணோக்கியில் படம் ஆடிவிடும் என்பதால் அப்படி ஏற்பாடு. ஜன்னல் இல்லாத மூன்று அறைகள், கறுப்புத் திரைகள், காற்றில் மிதக்கிற மாதிரி வைக்கப்பட்ட கனமான மேசைகள். அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவளை மாணவர்கள் லேசர் அக்கா என்பார்கள். நாற்பத்துமூன்று வயது. பெரிய பட்டம் எதுவும் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் லென்ஸ் தேய்த்துப் பொருத்திக்கொண்டிருந்தவள், ஒரு விளம்பரத்தைப் பார்த்து இங்கே வந்து சேர்ந்தாள். லேசர் கதிரை நாலு கண்ணாடிகளில் வளைத்து, தலைமுடி கனம்கூட இல்லாத கண்ணாடி இழையான ஃபைபருக்குள் கொண்டுபோய்விட அந்தக் கட்டடத்தில் அவளைவிட்டால் ஆள் கிடையாது.

மூன்றாம் மாடியில் மீன் ஆய்வகம். அங்கே வேலை பார்த்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் பட்டம் வாங்கி, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இந்த நிலையத்துக்கு வந்தபோது அண்ணன் வீட்டு மாடி அறையிலேயே தங்கிக்கொண்டாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நாத்தனாரும் அண்ணியும் ஒரே பஸ்தான்.

சின்னவளின் ஆராய்ச்சி மீன் குஞ்சுகளைப் பற்றியது. ஐந்து நாள் வயது, கண்ணிமை முடி நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி. வெளியிலிருந்து பார்த்தாலே மூளை தெரியும். அந்த மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன நரம்புக் கூட்டத்தில், நீல ஒளி பட்டால் திறந்துகொள்ளும் ஒரு புரதத்தை மரபணு வழியாக வைத்திருந்தார்கள். மீனை அறுக்க வேண்டாம், கம்பி செருக வேண்டாம். அந்த இடத்தில் நீல ஒளியைப் பாய்ச்சினால் போதும், அந்த நரம்புகள் மட்டும் விழித்துக்கொள்ளும்.

குஞ்சின் தலையைக் கூழில் பதித்து வால் மட்டும் ஆடும்படி விடுவார்கள். கீழே திரையில் கோடுகள் ஓடும். தண்ணீர் தன்னை அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்து மீன் விடாமல் வாலை ஆட்டும். அப்போது நீல ஒளியைக் காட்டினால் வால் சட்டென்று நின்றுவிடும். ஒளியை அணைத்தால் மறுபடி ஆடும். நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் இதைப் பார்த்துவிட்டாள் சின்னவள்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். தங்கை சொன்னதைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். என் தங்கச்சி மீனுக்குள்ள பிரேக் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா என்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவந்தார். வீட்டில் மட்டும் வேறு மாதிரி அலுத்துக்கொள்வார்: ரெண்டு பேர் மீன் வேலை பார்க்கிறீங்க, தட்டில் ஒரு துண்டு மீனைக் காணோம்.

கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய இதழுக்கு அனுப்புவதாக இருந்தது. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம்தான் பாக்கி. நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. கட்டுரை வந்துவிட்டால் அது சின்னவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் அண்ணி நீல லேசரின் ஃபைபரை மாற்றினாள். பழையதில் கீறல் விழ ஆரம்பித்திருந்தது. மாற்றிய பின் ஒளி எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். மீட்டரை வைத்து அளந்தாள். சின்னவள் எப்போதும் வைக்கும் இடத்தில் குமிழைத் திருப்பினால் பத்து என்று காட்ட வேண்டும். இருபத்தொன்று காட்டியது. புது ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று முதலில் நினைத்தாள்.

அடுத்து ஒளிப்புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க உயிருள்ள குஞ்சு ஒன்று வேண்டும். நல்ல மீன்களை வீணாக்க மனசில்லாமல், மீன் வளர்ப்பைக் கவனிக்கும் மீன் அறைக்காரரிடம் கழித்த மீன் இருந்தால் போதும் என்று கேட்டு வாங்கி வந்தாள். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் பாதிக்குத்தான் அந்த மரபணு இருக்கும். இருப்பவை நுண்ணோக்கியில் சிவப்பாக மின்னும். மின்னாதவற்றைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்ததில் ஒன்றைக் கூழில் பதித்து, கோடுகளை ஓடவிட்டு, ஒளியைப் போட்டாள்.

வால் நின்றது.

தட்டு மாறிவிட்டதோ என்று அவள் அந்தக் குஞ்சு மின்னுகிறதா என்று சோதித்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. வேறொன்றை எடுத்தாள். அதுவும் நின்றது. மதியச் சாப்பாட்டை மறந்து பதினொரு குஞ்சுகளைப் பார்த்தாள். ஒன்பது நின்றன. திறந்துகொள்ளப் புரதமே இல்லாத மீன் ஏன் நிற்க வேண்டும்?

இருபத்தொன்று என்ற எண் அப்போதுதான் அவளுக்கு மறுபடி உறைத்தது.

அந்த மீட்டருக்கு எல்லா நிறமும் ஒன்றல்ல. சிவப்பு விழுந்தால் தாராளமாகக் காட்டும், நீலம் விழுந்தால் கஞ்சத்தனமாகக் காட்டும். அதனால் அளப்பதற்கு முன்னால் இன்ன நிறம் என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதுவே கூட்டிக் குறைத்துச் சரியான எண்ணைத் தரும். அண்ணி மீட்டரை வேண்டுமென்றே சிவப்புக்கு மாற்றி, அதே நீல ஒளியை அளந்தாள். பத்து.

அலமாரியிலிருந்து பதிவு நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். பழைய விளக்கை எடுத்துவிட்டு இந்த லேசரைப் பொருத்திய நாள், பதினான்கு மாதத்துக்கு முந்தையது. தேதி, குமிழின் இடம், அளவு பத்து. அலைநீளம் என்ற கட்டத்தில் 635. சிவப்பின் எண். முந்தைய நாள் யாருக்கோ சிவப்பு லேசரை அளந்து கொடுத்துவிட்டு, மாற்ற மறந்திருக்கிறாள். கையெழுத்து அவளுடையது. ஆறை எப்போதும் போல வால் நீட்டிப் போட்டிருந்தாள்.

ஆக, பதினான்கு மாதமாகச் சின்னவளின் மீன்கள் மேல் விழுந்தது அவள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம். மரபணு இல்லாத மீன்களைச் சின்னவள் ஆரம்பத்தில் சோதிக்காமல் இல்லை. பழைய விளக்கில் சோதித்தாள், அவை நிற்கவில்லை. லேசர் வந்த பிறகு அளவு அதேதானே என்று திரும்பச் சோதிக்கவில்லை. அதே அளவு என்று எழுதிக் கொடுத்தது அண்ணி.

அன்று மாலை பஸ்ஸில் சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுரைக்கு வைக்கப்போகும் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. அண்ணன் ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கி வந்திருந்தார். வெள்ளிக்கிழமைதானே வாங்கணும் என்று தங்கை கேட்க, அன்றைக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அண்ணி ஒரு துண்டை வாயில் போட்டாள். சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். பதினொரு மீன்தானே, நாளைக் காலையில் இன்னும் சில பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாகப் போனாள். எட்டு குஞ்சுகள். ஏழு நின்றன. ஒன்பது மணிக்குச் சின்னவளைக் கீழே கூப்பிட்டாள்.

"உட்காரும்மா. ஒண்ணு காட்டணும்."

ஒளியைப் போட்டாள். திரையில் வால் நின்றது. ஒளியை அணைத்தாள். ஆடியது.

"நல்லாத்தானே நிக்குது அண்ணி. ஃபைபர் மாத்தினது சரியா வந்திருக்கு."

"இது மின்னாத மீனு."

சின்னவள் தானே எழுந்து அது சிவப்பாக மின்னுகிறதா என்று சோதித்தாள். இரண்டு முறை சோதித்தாள். அண்ணி பதிவு நோட்டை அவள் முன்னால் விரித்து, 635 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள். மீட்டரை இரண்டு நிறத்துக்கும் மாற்றி மாற்றிக் காட்டினாள். சின்னவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை மீன் பார்த்தீங்க?"

"நேத்து பதினொண்ணு, இன்னிக்கு எட்டு. மூணுதான் நிக்கல."

"அப்ப நேத்து சாப்பிடும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் பேசிட்டே இருந்தேன். நீங்க கேட்டுட்டே இருந்தீங்க."

தப்பு என்னோடதுதான், நானே நிலையத் தலைவர்கிட்ட போய்ச் சொல்றேன் என்றாள் அண்ணி. திங்கள்கிழமை வரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்னவள் படியேறிப் போனாள்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. சின்னவள் தனியாக நடந்தே வேலைக்குப் போனாள். சாயங்காலம் தலைவலி என்று மாடி அறையிலேயே இருந்துகொண்டாள். அண்ணன் தட்டை மேலே கொண்டுபோவதும் பாதி சாப்பிட்ட தட்டைக் கீழே கொண்டுவருவதுமாக இருந்தார். விஷயத்தை மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் தங்கை பக்கமும் பேசவில்லை, மனைவி பக்கமும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மட்டும், மாடிப்படியின் நடுவில் தட்டோடு நின்றுகொண்டு மேலேயும் கீழேயும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "லைட்டு மீன் மேலதானே பட்டுது. நீங்க ரெண்டு பேரும் ஏன் இப்படி நின்னுட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கட்டுரை போனதா இல்லையா என்று கேட்கும் தைரியம் அண்ணிக்கு வரவில்லை. அவளை உறுத்தியது மீட்டரில் மாற்ற மறந்துபோன அந்த நிறம்கூட இல்லை. அந்த ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டு இனிப்புத் தின்றதுதான்.

சனிக்கிழமை விடுமுறை. இருந்தும் அண்ணி கீழ்த்தளத்துக்குப் போயிருந்தாள். நீல லேசருக்குப் பக்கத்தில் ஒட்ட, நிறத்தைப் பார் என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் கதவு திறந்தது. சின்னவள் ஒரு தட்டத்தில் சின்னச் சின்ன மூடிபோட்ட கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மூடியிலும் எண் மட்டும்.

மரபணு உள்ளதையும் இல்லாததையும் கலந்து எண் போட்டுத் தரச்சொல்லி மீன் அறைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். எந்த எண் எது என்ற பட்டியல் அவருடைய இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. எல்லாம் முடியும்வரை இரண்டு பேருக்கும் தெரியாது.

"நேத்து அனுப்பலையா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒரு படத்தைச் சரிபார்க்கணும்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு படமில்ல, ஆறு படம்." தட்டத்தை மேசையில் வைத்தாள். "நீங்க லைட்டைப் பாருங்க. நான் வாலை எண்ணறேன். பத்துல ஒரு தடவை, இருபதுல ஒரு தடவை. அளவு எழுதும்போது நானும் பக்கத்துல கையெழுத்துப் போடறேன்."

அண்ணி மீட்டரை நீலத்துக்கு வைத்து அவளிடம் காட்டினாள். சின்னவள் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டாள். வேலை தொடங்கியது.

திங்கள்கிழமை இருவரும் சேர்ந்து தலைவர் அறைக்குப் போனார்கள். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதினான்கு மாதத்தில் அந்த லேசரை வேறு யார் யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டார். அண்ணி அந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் போயிருந்தாள். ஒரு தாளை நீட்டினாள். இரண்டு ஆய்வகங்கள், ஐந்து பேர்.

அவர்களுக்கும் நீயே சொல்லிவிடு என்றார் தலைவர்.

அந்த வாரம் முழுவதும் அண்ணி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருவரிடமும் அதே கதையை முதலிலிருந்து சொன்னாள். பெரும்பாலானவர்கள் உடனே தங்கள் நோட்டுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கு எதுவும் மாறவில்லை, அவர்கள் வேலைக்கு வெளிச்சம் கூடினாலும் ஒன்றுதான். ஒரு மாணவி நாலு மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அவள் அழுதுவிட்டாள். அண்ணி அவளுக்கு அடுத்த மாதம் முழுக்கக் காலை நேரங்களை ஒதுக்கிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து அளந்தும் கொடுத்தாள். செல்களைப் படமெடுக்கும் ஒரு மூத்த விஞ்ஞானி மட்டும் கடுப்பாகப் பேசினார். இது ஒண்ணும் கண்ணாடிக் கடை இல்லம்மா என்றார்.

"கண்ணாடிக் கடைல நம்பர் தப்பாப் போட்டா மறுநாளே ஆள் திரும்பி வந்து சத்தம் போடுவாங்க சார்," என்றாள் அண்ணி. "இங்க மீன் வந்து சொல்லாது. நாமதான் போய்ப் பார்க்கணும்."

மறுவாரம் அவர் தன் அறையிலிருந்த மீட்டரையும் கொடுத்தனுப்பி, இதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது.

எண் போட்ட மீன்களின் வேலை மூன்று வாரம் நடந்தது. நானூறு குஞ்சுகள். இருட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில் ஒரு வசதி, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. முதல் வாரம் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் வீட்டுப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாடி அறை விளக்கு மினுக்குவது, அண்ணன் குறட்டை, அண்ணனிடம் கார் கற்றுக்கொண்டு பதினேழு தடவை தேர்வுக்குப் போயும் தேறாத ஒரு பெரியவர். ஒருநாள் சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அன்னிக்கு ராத்திரியே சொல்லியிருந்தா அப்பவே கத்தியிருப்பேன். மறுநாள் சொன்னதால கத்தக்கூட முடியல. அதான் கோபம்."

"இப்ப கத்திக்கோ."

"இப்ப வரமாட்டேங்குது."

மீன் அறைக்காரர் பட்டியலைக் கொண்டுவந்த அன்று மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு மடங்கு ஒளியில் மரபணு உள்ளதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நின்றிருந்தன. சரியான ஒளியில் மரபணு இல்லாத மீன் ஒன்றுகூட நிற்கவில்லை. மரபணு உள்ளவற்றில் பத்துக்கு நாலு நின்றன. அவையும் சட்டென்று நிற்கவில்லை. வால் மெதுவாகி, மெதுவாகி, பிறகு ஓய்ந்தது.

சின்னவள் தாளை இருமுறை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாம் போய்விடும் என்று பயந்திருந்தாள். எல்லாம் போகவில்லை. ஆனால் முன்பு சொல்லவிருந்தது இது இல்லை. அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள். அப்படின்னா அது பிரேக் இல்ல, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கிற மாதிரி என்றார் அவர். சின்னவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. புரதமே இல்லாத மீன் அதிக ஒளியில் ஏன் நின்றது? சூட்டினாலோ என்று அண்ணி நினைத்து, அதே அளவு சிவப்பு ஒளியை அதே இடத்தில் காட்டினாள். மீன் கண்டுகொள்ளவே இல்லை. நீலத்தை வாலில் காட்டினாள். நிற்கவில்லை. மூளையில் காட்டினால் மட்டும் நின்றது. அந்த மீனின் மூளைக்குள்ளேயே, நாங்கள் எதுவும் வைக்காமலே, நீலத்தை உணர்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்றாள் சின்னவள். அது என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்பது மட்டும் அவள் குரலில் தெரிந்தது.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. சின்னவளுக்கு ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். அண்ணிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். இனி எந்த அளவையும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். கட்டுரை எட்டு மாதம் கழித்து, முதலில் நினைத்ததைவிடச் சின்ன இதழ் ஒன்றில் வந்தது. மீட்டர் சிவப்புக்கு வைக்கப்பட்டிருந்ததையும், அதனால் நேர்ந்ததையும் சின்னவள் அதில் ஒரு முழுப் பத்தியாக எழுதியிருந்தாள். அவ்வளவு வெளிப்படையாக வேண்டாமே என்று தலைவர் தயங்கியபோது, அதை எடுத்தால் மற்றதையும் எடுத்துவிடுங்கள் என்றாளாம்.

கட்டுரை வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கட்டுரையில் கருவிப் பொறுப்பாளர் என்று போட்டிருந்த அண்ணியின் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கேள்விப்பட்டிராத ஊரிலிருந்து, கேள்விப்பட்டிராத ஒருவர். அவரும் ஒரு கீழ்த்தளத்தில் லேசர்களைப் பார்த்துக்கொள்கிறவர். உங்கள் பத்தியைப் படித்துவிட்டு எங்கள் மீட்டரைப் போய்ப் பார்த்தேன், அது பச்சையில் இருந்தது, எத்தனை நாளாக என்று தெரியவில்லை, இனி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தார்.

அண்ணி அதை மூன்று தரம் படித்தாள். மதியம் சின்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதில் எழுதினாள். முதலில் பதிவு நோட்டை எடுங்கள். லேசரைப் பொருத்திய நாளிலிருந்து பாருங்கள். யார் யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அன்றைக்கே அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"முன்னப் பின்னத் தெரியாத ஆளு. அன்புடன்னு போடலாமா?" என்று கேட்டாள்.

"போடுங்க அண்ணி. பாவம், அவருக்கு இன்னிக்கு அது வேணும்."

போட்டு அனுப்பினாள். வாசலில் ஒரு மாணவன் குஞ்சுகளோடு காத்திருந்தான். இருவரும் எழுந்து மீட்டரைப் பார்க்கப் போனார்கள்.